பூவாயி அக்காவின் பெயரில் நான் வாசித்த பொய்

என் பிரியமுள்ள பூவாயி அக்கா,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. இத்தனை நாளும் எழுதாதவள் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அது பாசத்தால் மட்டும் இல்லை. நான் செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை உயிரோடு இருக்கும் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நம் ஜெபவீடு இப்போது தகரக் கொட்டகை இல்லை அக்கா. சீமெந்துச் சுவர், தரைக்கு டைல், கூரைமேல் நாம் குடியிருக்கும் லயத்தைப் பார்த்தபடி ஒரு குழாய் ஸ்பீக்கர். போன ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. இப்போது பாதையில் ஆமிச் சோதனை குறைவு என்பதால் இரத்தினபுரியிலிருந்து மூன்று வேனில் ஆட்கள் வந்தார்கள். அன்றைக்கு உங்கள் வாழ்க்கைச் சாட்சியை வாசித்தவள் நான். எழுதியவளும் நான்தான்.

என்ன எழுதினேன் தெரியுமா? பக்கத்து லயக் காம்பராவிலிருந்த ஒரு விக்கிரக ஆராதனைக்காரி உங்களுக்குச் சூனியம் வைத்தாள் என்று எழுதினேன். அதனால்தான் உங்கள் வயிற்றில் நோய் வந்தது, பாஸ்டர் கை வைத்து ஜெபித்ததும் சூனியக் கட்டு அறுந்தது, நீங்கள் சிரித்த முகத்தோடு பரலோகம் போனீர்கள் என்றும் எழுதினேன். பெயர் போடவில்லை. போடவும் தேவையில்லை. உங்கள் பக்கத்துக் காம்பராவில் லெட்சுமி அக்காவைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?

கடைசி மாதங்களில் உங்கள் சேலையைக் கழுவியவர் அவர். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவர். பாஸ்டர் ஒரே ஒரு நாள் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். வாசலில் நின்றபடியே ஜெபம் பண்ணினார், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு. அந்தக் கைக்குட்டையை நான் சாட்சியில் சேர்க்கவில்லை.

முதலில் உண்மையைத்தான் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன் அக்கா. அந்த மழைநாள் கதையை. லெட்சுமி அக்கா புருசனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், என் கீழ் வரிசை ரப்பர் மரங்களில் மட்டும் பால் வெட்டிக் கொடு என்று உங்களிடம் கெஞ்சினாரே, அந்த நாள். ஒருவர் மரத்தை இன்னொருவர் வெட்டக் கூடாது என்று தோட்டத்தில் சட்டம். நீங்கள் சரி என்றீர்கள். வானம் கறுத்து வந்தது. மழைக்கு முன்னால் பால் இறங்கிவிட வேண்டுமென்ற அவசரத்தில் கத்தியை ஆழமாக இறக்கிவிட்டீர்கள். பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டால் அந்த இடத்தில் பிறகு ஒழுங்காகப் பால் வராது, முடிச்சு முடிச்சாகத்தான் பட்டை வளரும். இருபது மரத்துக்குமேல் காயம்.

நாலு நாள் கழித்து, மரங்களை மேற்பார்க்கும் பீல்ட் மாத்தையா வந்து பார்த்தார். “மேக்க கெப்புவே கவுத?” இதை வெட்டியது யார் என்று கேட்டார். லெட்சுமி அக்காவின் மரங்கள், ஆகவே லெட்சுமி அக்காதான். உங்கள் பெயரை அவர் சொல்லவில்லை. அவரைப் பால் வெட்டிலிருந்து தூக்கிக் கூலி குறைந்த புல் வெட்டுக்குப் போட்டார்கள். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் தெரியும், நானும் திறக்கவில்லை.

மரத்தை வெட்டிவிட்டுச் சிரட்டையில் பால் நிறையும்வரை நாம் உட்கார்ந்திருப்போமே, அந்த நேரத்தில் நான் சுவிசேஷம் வாசிப்பேன். உங்களுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் என்னை ஒரு பக்கம் ஒழுங்காக வாசிக்க விட்டதில்லை. நடுவில் நிறுத்தி, என்னிடம் இல்லை, இயேசுவிடமே கேட்பீர்கள். “ஏன் சாமி, அந்தப் பொம்பளகிட்ட அப்படிப் பேசுனீங்க?” என்று, ஏதோ எதிரில் குந்தியிருப்பவரிடம் கேட்பதுபோல. மரத்துக்கு மரம் அவரோடு பேசிக்கொண்டே போவீர்கள். கங்காணி உங்களை லூசு என்பார். நானும் மனசுக்குள் சிரித்திருக்கிறேன். வசனம் மனப்பாடமாகத் தெரிந்தவள் நானல்லவா, எனக்கு அந்தத் திமிர்.

லெட்சுமி அக்காவைப் புல் வெட்டுக்குப் போட்ட அந்த வாரம் நான் வாசித்தது, சீடர் பேதுரு பயத்தில் அவரைத் தெரியாது என்று சொன்ன இடம். நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

“அப்பறம் அந்த ஆளு எப்படி அவரு மூஞ்சியப் பார்த்தாரு தங்கச்சி?”

“அழுதாருன்னு போட்டிருக்கு அக்கா.”

“எனக்கு எட்டு நாளா அவருகூடப் பேச முடியல. வாயெடுத்தா லெட்சுமி வந்து முன்னுக்கு நிக்கிறா. அவள ஒதுக்கிட்டு அவரப் பார்க்க ஏலாது போல இருக்கு.”

மறுநாள் காலை பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தக் களத்தில், எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். “மாத்தையா, அந்த மரம் நான் வெட்டுனது. லெட்சுமி இல்ல.” சனம் சிரித்தது. உங்களைப் புல் வெட்டுக்குப் போட்டார்கள், லெட்சுமி அக்கா திரும்பிப் பாலுக்கு வந்தார். அதற்கு முன்னால் உங்கள் வாய்க்குப் பயந்து தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். அதற்குப் பிறகு பீலியில் சண்டை வந்தால் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். ஒரே நாளில் மாறவில்லை, எனக்குத் தெரியும். ஏச வாய் வரும், பாதியில் நிறுத்துவீர்கள், “சரி சாமி, சரி” என்று முணுமுணுத்துக்கொண்டு வாளியைத் தூக்குவீர்கள். இயேசுவோடு பழகினால் மனுசி வளர்வாள் என்று நான் கண்ணால் கண்டது அது ஒன்றைத்தான்.

இதை வாசித்துவிட்டு பாஸ்டர் தாளை என்னிடமே நீட்டினார். “சிஸ்டர், இது தோல்வி. சாட்சின்னா ஜெயம் இருக்கணும். மரத்துக் கதையைக் கேட்டு யார் மனந்திரும்புவாங்க?” என்றார். பிறகு சூனியத்தைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மறுத்திருக்கலாம். ஆனால் “மைக்கில வாசிக்கப் போறது நீங்கதான் சிஸ்டர்” என்றாரே, அந்த ஒரு சொல்லுக்கு விழுந்தேன். சீ.

வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள் அக்கா. ஓர் அம்மா என் கையைப் பிடித்து அழுதார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் பீலியில் லெட்சுமி அக்கா. என் வாளியையும் வாங்கித் தண்ணீர் பிடித்தார்.

“நல்லா வாசிச்ச புள்ள. எங்க வாசல் வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சு.”

நிறைந்த வாளியை என் கையில் தந்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது கீழ் லயத்துப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவர் வாசலுக்கு விடுவதில்லை. அவர் மகளைப் பெண் கேட்டு அரநாயக்கவிலிருந்து வரவேண்டியவர்கள், பிறகு பார்ப்போம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளை வேலைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போகிறது.

நான் பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். “ஆத்துமாக்கள் வருது சிஸ்டர், சின்ன விசயத்தைப் பெருசாக்காதீங்க” என்றார். வாயில் வெற்றிலைச் சாறு ஊறியதுபோல் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர்மேல் துப்பி என்ன? அவர் பேனா பிடிக்கவில்லை, நான் பிடித்தேன். நீங்கள் இருபது மரத்தைத்தான் காயப்படுத்தினீர்கள்.

திங்கட்கிழமையிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் வசனம் வருகிறது, வரிசையாக, ஒரு எழுத்துப் பிசகாமல். இயேசு வரவில்லை. லெட்சுமி அக்காதான் என் வாளியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறார். அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. இத்தனை வருசம் நான் அவரைப் பற்றித்தான் பேசினேன், அவரோடு பேசியதே இல்லையோ?

நாளைக் காலை பெரட்டில், நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்று சொல்லப் போகிறேன். சூனியம் பொய், எழுதியது நான், பூவாயி அக்காவைக் கடைசிவரை பார்த்தவர் லெட்சுமி அக்கா என்று, பெயரைச் சொல்லி, மைக் இல்லாமல். அங்கிருந்து நேரே பஸ் ஏறி அரநாயக்கவுக்குப் போய் அந்த வீட்டிலும் சொல்வேன். சபையிலிருந்து நீக்குவார்கள். நீக்கட்டும். லெட்சுமி அக்கா மன்னிப்பாரா, தெரியாது. கேட்கவும் எனக்கு வாயில்லை.

அதற்குப் பிறகு முதல் மரத்தடியில் நின்று இயேசுவோடு பேசிப் பார்ப்பேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. நீங்கள் அவர் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள். எனக்காக நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லி வைக்காதீர்கள் அக்கா. நான் செய்ததை நானே அவரிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த, உங்களிடம் ஒன்றும் படிக்காத தங்கச்சி,
கமலா