சிவப்புக் கம்பளி நூல்

என் ஆகாசக்காரருக்கு,

நேரில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால்தான் இதை உங்கள் மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன்.

இனி தனியாகப் பறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நீங்கள் ஜன்னலை விட்டு நகரவில்லை. என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் விழுங்கிய அந்த இன்ஜின் இல்லாத விமானத்தை எத்தனை முறை திட்டியிருப்பேன்! இப்போது வீட்டிலேயே இருக்கிறீர்கள். எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

நேற்று நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. உங்கள் பயிற்சியாளரோடு மேலே போனேன். இழுத்துப்போன கயிறு கழன்றதும் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிறகு காற்றின் சத்தம் மட்டும்தான். எதிரே கண்ணாடியில் ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது.

“அது நேரா இருந்தா நாம நேரா போறோம்னு அர்த்தம். சாஞ்சா காலால மிதிச்சு சரிபண்ணணும். உங்க வீட்டுக்காரர் ஒட்டினதுதான்” என்றார்.

நான் உங்களுக்குப் பின்னிய ஸ்வெட்டரின் நூல் அது. பூனை பிரித்துவிட்டது என்றீர்களே! பாவம், அன்று அதற்குப் பால்கூட வைக்கவில்லை.

பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கற்று முடித்ததும் பின் இருக்கை உங்களுக்கு. “வலது காலால மிதி” என்று கத்தினால் அங்கேயே இறக்கிவிட்டுவிடுவேன்.

இதுவரை தரையில் நின்றவள்