வெட்டிவிட்ட நான்காம் வரி

ஜூன் 3
நகராட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். இலக்கியம் படித்தவளுக்கு இந்த ஊர் கொடுத்த முதல் எழுத்து வேலை: இங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலத்துக்கான எச்சரிக்கைத் துண்டறிக்கை. தம்பி நஸாரியோ விறகை அடுக்கிக்கொண்டே, "படகோனியாக்காரனுக்குக் குளிரும்னு நீ சொல்லித்தான் தெரியணுமாக்கா," என்றான்.

ஜூன் 9
இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மேலதிகாரி டோன் எவரிஸ்டோ கையில் தூக்கி எடை பார்த்தார். "ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டணும்மா. பைபிள் கேக்கல."
வெட்டினேன். வெட்ட வெட்ட சுகமாக இருந்தது. எஞ்சியது நான்கு வரி.
புகைக்குழாயைச் சுத்தம் செய்யுங்கள்.
காய்ந்த விறகை எரியுங்கள்.
சிவப்பு நாளில் எரிக்காதீர்கள்.
நான்காவது: கரியடுப்பை வீட்டுக்குள் வைக்காதீர்கள், அதன் நஞ்சுக்கு வாசனை கிடையாது. உண்மைதான். ஆனால் மூன்றோடு நிறுத்தினால்தான் ஓசை அமைகிறது. தவிர, இது யாருக்குத் தெரியாது? அதையும் வெட்டினேன்.

ஜூன் 21
முதல் சிவப்பு நாள். காற்றில்லை. ஊர்ப் புகை மொத்தமும் பள்ளத்தாக்கில் படுத்துக் கிடக்கிறது. அதனால் விறகு அடுப்புக்குத் தடை. பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. நஸாரியோ அடுப்பை மூட்டினான். நானும் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
அடுத்த வீட்டு டோன்யா ஓத்திலியாவின் குழாயில் மட்டும் புகையில்லை. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விதி என்றால் விதி. என் அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். "எவ்ளோ சுருக்கம் பொண்ணே! மனப்பாடமே ஆயிடுச்சு."
என் முதல் வாசகி. கர்வமாக இருந்தது.

ஜூன் 23
அடுத்த வீட்டில் காலை ஏழுக்கு விலகும் சன்னல் திரை ஒன்பதாகியும் விலகவில்லை. நஸாரியோ கதவை உடைத்தான். ஓத்திலியா சமையலறைத் தரையில் கிடந்தார். கொல்லையில் இறைச்சி வாட்டும் கரித்தட்டு, உள்ளே, மேசைக்கடியில். சன்னல் இடுக்கெல்லாம் துணி.
மூச்சு இருந்தது.

ஜூன் 24
ஓசைக்காகவா வெட்டினேன்? ஓசைக்காக. அட பாவி, நீயெல்லாம் ஒரு மனுஷியா —

ஜூன் 27
மருத்துவமனை. "விறகுதான் கூடாதுன்னு இருந்துச்சு. கரியைப் பத்தி ஒண்ணுமில்ல. நல்லாப் படிச்சேனே," என்றார் ஓத்திலியா. என்னைக் குற்றம் சொல்லவில்லை. தான் விதி மீறவில்லை என்று நிரூபிக்கிறார்.
இருந்தது, நான்தான் வெட்டினேன் என்றேன்.
"ஏன்?"
அழகுக்கு.
"தந்தியில வார்த்தைக்கு வார்த்தை காசு. அப்பவும் யாரு செத்தாங்கங்கறத நாங்க வெட்டினதில்ல."

ஜூலை 4
புதிய அறிக்கை. டோன் எவரிஸ்டோ பயந்துபோய் இருபத்திரண்டு எச்சரிக்கைகளைத் திணித்துவிட்டார். எழுத்து கடுகைவிடச் சிறிது. ஊரில் ஒருவரும் படிக்கவில்லை. ஒருவரைத் தவிர.

ஜூலை 12
ஓத்திலியா வீடு திரும்பி ஒரு வாரம். தடையில்லாத நாளிலும் அடுப்பை மூட்டுவதில்லை. நெருப்பு என்றாலே இருபத்திரண்டில் ஏதோ ஓர் எண் தடுக்கிறது. மூன்று கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கிறார். உதடு நீலம். எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.
"சிவப்பு நாள்ல உங்க குழாயில புகை பாத்தேன். அங்க வரமாட்டேன்."
நஞ்சு விட்டதைக் குளிர் கொண்டுபோகும். இரண்டு அறிக்கையையும் எழுதியவள் நானே.

ஜூலை 14
அவர் புகைக்குழாய்க்குள் நஸாரியோ சங்கிலியை விட்டு ஆட்டினான். இரண்டு வாளி புகைக்கரி. கீழே அவரும் நானும் இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாக, ஏன் எதற்கு என்று பேசித் தீர்த்தோம். "பதினாலு பதினஞ்சு ரெண்டும் ஒண்ணுதானேடி?" ஆமாம். "அப்ப ஏன் ரெண்டு நம்பர்?" அடித்து அடித்து எட்டில் நிறுத்தினோம்.
தீப்பெட்டியை மட்டும் அவர் தொடவில்லை.

ஜூலை 19
சிவப்பு நாள். பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து. மதியம் நகராட்சிப் புகை ஆய்வாளர் கதவைத் தட்டும் சத்தம். எங்கள் கதவு அல்ல. ஓத்திலியாவின் குழாயில் புகை!
நஸாரியோ வேலி தாண்டி ஓடினான். "நான்தான் சார் மூட்டினேன்!"
"பொய் சொல்றான்," என்றார் வாசலில் நின்ற ஓத்திலியா. கன்னம் சிவந்திருந்தது. "எம்பேர எழுதிக்கப்பா. குழாய் சுத்தம். விறகு காஞ்சது. சன்னல் ஒரு விரல் திறந்திருக்கு. நாள் மட்டும்தான் தப்பு."
ஆய்வாளரின் பேனா குளிரில் எழுதவில்லை. எழுதுவதற்காக உள்ளே போனார்.
ஒரு மணி நேரமாகிறது. சன்னல் வழியே தெரிகிறது: நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறார். இன்னும் வெளியே வரவில்லை.