மொரீனின் நாற்காலி

ஒஹையோ
செப்டம்பர் 8, 2022

அன்புள்ள மொரீன்,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது என்று கடிதம் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். அரிசோனா வெயில் உன் முட்டிவலிக்கு ஒத்துக்கொண்டதா? இங்கே என் பக்கத்தில் உன் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. வயோலாவும் வாசித்துக்கொண்டு இசைத்தாளின் பக்கத்தையும் நானே புரட்ட வேண்டியிருக்கிறது. நேற்று இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டு மானம் போனது.

நவம்பரில் நீ ஓய்வுபெற்று விட்டுப்போன இடத்துக்குத் தேர்வு. என் மாணவி ரோஷெலும் வாசிக்கிறாள். கடைசிச் சுற்றிலாவது வாசிப்பவரை நடுவர்களிடமிருந்து மறைக்கும் திரையை எடுத்துவிட்டு, வாசிப்பவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்போம் என்று தேர்வுக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். இத்தனை வருடத் திரைக்குப் பிறகும் நம் இசைக்குழுவில் கறுப்பினத்தவள் நான் ஒருத்திதான்; ரோஷெல் வந்தால் இருவர் ஆவோம். டிராம்போன் வாசிக்கும் வால்ட், "ஏன் வினெட்டா, காதால கேக்குறது போதாதா? இனிமே கண்ணாலயும் கேக்கணுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ ஒரு வரி எழுதினால் கேட்பார்கள். எழுதுவாயா?

உன் வினெட்டா

அரிசோனா
செப்டம்பர் 19

அன்பு வினெட்டா,

முட்டி தேவலை. ஆனால் நீ கேட்டதை எழுதமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

நான் வந்த காலத்தில் திரை இல்லையென்றால், "பொம்பளைக்கு எதுக்கு வயோலா? வீட்ல சமைக்கிறது யாரு?" என்று கேட்டே அனுப்பியிருப்பார்கள். செருப்புச் சத்தத்தில் பெண் என்று தெரிந்துவிடும் என்று வெறுங்காலோடு மேடையேறியவள் நான். அந்தத் திரையை எடுக்க என்னையே கேட்கிறாயே!

வாசல் எல்லோருக்கும் ஒன்றாகத் திறந்திருக்கட்டும். உள்ளே வருவது யார் என்பதை வாசிப்பு தீர்மானிக்கட்டும். ரோஷெலுக்குக் கூடுதலாகப் பாடம் எடு, நல்ல வயோலா தேடிக் கொடு. நாற்காலியைத் தூக்கிக் கொடுக்காதே.

அன்புடன்,
மொரீன்

ஒஹையோ
செப்டம்பர் 30

மொரீன்,

வாசல் திறந்திருக்கிறதாம்! போன தேர்வுக்கு ரோஷெல் இரவெல்லாம் பேருந்தில் வந்தாள், மடியில் வயோலாவோடு. வாசித்து முடித்ததும், "கை மரத்துப்போச்சு டீச்சர், நான் வாசிச்சது எனக்கே கேக்கல" என்று அழுதாள். அவளை முந்தியவளுக்கு ஆறு வயதிலிருந்து வீடு தேடி வந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முந்தின நாளே வந்து ஓட்டலில் நன்றாகத் தூங்கியும் இருக்கிறாள். திரை முகத்தை மட்டுமா மறைக்கிறது? இதையும்தான் மறைக்கிறது.

ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்கிறாய். கோட்டுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே ஒருத்திக்கு மூச்சு வாங்குகிறது. நாற்காலியில் உட்காருகிறவர்கள் மாறவே இல்லையென்றால், வாசல் திறந்திருந்து யாருக்கு என்ன லாபம்? உன்னிடம் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வதுபோல இருக்கிறது.

வினெட்டா

அரிசோனா
அக்டோபர் 11

அன்பு வினெட்டா,

திரை இருக்கவேண்டும் என்று குழுவுக்கு எழுதிவிட்டேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது என்று நானே சொல்கிறேன். சலுகையில் வந்தவள் என்ற பேச்சை ரோஷெல் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டாம். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், நம்பு.

மொரீன்

ஒஹையோ
நவம்பர் 14

அன்புள்ள மொரீன்,

ரோஷெலுக்குக் கிடைத்துவிட்டது! உன் நாற்காலியில் இனி அவள்தான். சண்டையெல்லாம் இருக்கட்டும், முதலில் உனக்குச் சொல்லத்தான் தோன்றியது. ரோஷெல் வாசலில் காத்திருக்கிறாள், மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உன் வினெட்டா

அரிசோனா
நவம்பர் 21

வினெட்டா,

வாழ்த்துச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், மனம் வரவில்லை. நினைத்ததைச் சாதித்துவிட்டாய். திரை இருந்திருந்தால் ஜெயித்திருக்கவேண்டிய எவளோ ஒருத்தி அழுதுகொண்டு ஊர் போயிருப்பாள். அவளைப் பற்றி யாருக்குக் கவலை?

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உண்மையிலேயே ரோஷெல்தான் நன்றாக வாசித்தாளா?

மொரீன்

ஒஹையோ
நவம்பர் 28

மொரீன்,

நீ எழுதிக் கேட்டபடியே ஆயிற்று. கடைசிச் சுற்றுவரை திரை இருந்தது. என் மாணவி என்பதால் எனக்கு ஓட்டும் இல்லை, வெளியே நின்றிருந்தேன். வால்ட்தான் ஓடிவந்து, "உம் பொண்ணுதான் வினெட்டா! ஒருத்தர் பாக்கியில்லாம கை தூக்கினோம்" என்று கட்டிக்கொண்டான்.

அதனால் உன் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைக்காதே. வந்து சேர வழியே இல்லாதவர்கள் வாசித்ததைத் திரைக்கு இந்தப் பக்கம் யாரும் கேட்கவில்லை. அந்தச் சண்டை எனக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால் இப்போது அதற்காக எழுதவில்லை. அந்த அரங்கில் யாருக்கும் அவள் முகம் தெரியவில்லை. அத்தனை தூரத்தில் இருக்கும் உனக்கு மட்டும்தான் தெரிந்தது.

இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தாளைப் பார்த்து வாசித்தோம். என்னைப் பற்றியும் இதே கேள்வியைத்தான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாயா? இதற்குப் பதில் இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுதாதே.

வினெட்டா