சந்தனம் பூசிய சாக்கெட்

செப்டம்பர் 28, ஞாயிறு
அப்பாவுடன் பிக்கப் வண்டியில் சுவா சூ காங் வீட்டிலிருந்து தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். பின்னால் ஜெனரேட்டர் ட்ரெய்லர். தீபாவளிச் சந்தையில் ஒரு வரிசைக் கடைகளுக்கு அதுதான் மின்சாரம். விரைவுச்சாலையில் திடீரென்று ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் சிவப்பு எழுத்து: ட்ரெய்லர் பிரேக் கோளாறு. உடனே மறைந்துவிட்டது. பிக்கப்போடு சேர்ந்தே வந்த ஒரு பெட்டிதான் ட்ரெய்லர் சக்கரங்களைப் பிரேக் பிடிக்க வைக்கிறதாம். அது வேலை செய்யாவிட்டால் பின்னால் வரும் பாரம் நம்மைத் தள்ளும்.

"வாரண்டி இருக்கு லா. பூசை முடியட்டும், காட்டிடுறேன்" என்றார் அப்பா.

அக்டோபர் 1, புதன்
ஆயுத பூசை. புத்தகங்கள் எல்லாம் சாமி முன்னால். இன்று படிக்கக் கூடாது. எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அதனால் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் முழு மனதோடு இறங்கினேன். ஸ்டியரிங், சக்கரங்கள், ட்ரெய்லர் வயரைச் செருகும் சாக்கெட்.

"அதையும் விடலையாடி நீ?" என்று அம்மா சிரித்தார்.

அக்டோபர் 6, திங்கள்
வாரண்டி கிடையாதாம். சாக்கெட்டுக்குள் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ பூசியிருக்கிறது, அதனால்தான் பிரேக் பெட்டி கெட்டது என்று சர்வீஸ் கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். யார் பூசியது என்று கேட்டதற்கு அப்பா, "நான்தான்" என்றாராம்.

ஏன்பா? நான்தானே — விரலை உள்ளே விட்டு — நான்தானே பூசுனேன்!

அக்டோபர் 7
பிரேக் சரியில்லாமல் இழுக்க மாட்டேன் என்கிறார் அப்பா. சந்தைக்காரர்கள் வேறு ஆள் தேடுகிறார்களாம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 9, வியாழன்
வண்டிக் கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். 212ஆம் பக்கம்: பிரேக் பெட்டி ஒவ்வொரு கோளாற்றையும் தேதியோடு பதிந்து வைத்திருக்கும். அப்படியென்றால் பூசைக்கு முன்னால் வந்ததும் அதில் இருக்குமே! யாராவது பார்த்தார்களா?

அப்பாவிடம் காட்டினேன். "நீயே வந்து கேளு" என்றார்.

அக்டோபர் 11, சனி
சர்வீஸ் நிலையத்தில் முதலில் உண்மையைச் சொன்னேன்: "அப்பா இல்ல அங்கிள். நான்தான் பூசினேன்." மூத்த மெக்கானிக் அர்ஃபான் அங்கிள் சிரித்துவிட்டார்.

"வருஷா வருஷம் இந்த மாசம் சந்தனம் தொடைக்கிறதே எனக்கு வேலை லா. நீ கொஞ்சம் தாராளம்."

212ஆம் பக்கத்தைக் காட்டினேன். கணினியைப் பொருத்திப் பார்த்தார். முதல் கோளாறு ஆகஸ்ட் 20. அதற்குப் பிறகு ஐந்து முறை. எல்லாமே பூசைக்கு முன்.

"அண்ணே, இது உள்ளுக்குள்ளயே இருந்த பழுது. வாரண்டிக்கு நான் எழுதிக் கொடுக்கிறேன்" என்றார் அப்பாவிடம். மதியச் சாப்பாட்டு நேரம். எங்களுக்காக அவர் சாப்பிடப் போகவில்லை. நன்றி என்று மூன்று முறை சொன்னேன். போதவில்லை.

அக்டோபர் 15
வாரண்டி உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள்! புதுப் பெட்டி. சாக்கெட் மட்டும் எங்கள் செலவு. நியாயம்தான்.

அக்டோபர் 18, சனி
தேக்கா. ஒவ்வொரு சிக்னலிலும் ட்ரெய்லர் எங்களோடு சேர்ந்து அமைதியாக நின்றது. ஜெனரேட்டரை ஓட விட்டதும் பூக்கடை பஞ்சவர்ணம் ஆன்ட்டி, "எங்கே போயிட்டீங்க இத்தனை நாளா? வாடகை மெஷினு சத்தம் தாங்கலை!" என்றார்.

"வண்டி பழுது. என் மகதான் சரி பண்ணா" என்றார் அப்பா.

அர்ஃபான் அங்கிள்தான் என்று திருத்த வாய் வரை வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். திருத்தவில்லை.