வெள்ளை அடிக்காத சுவர்

பாகூர்
1936 ஜனவரி 16

சைகோனில் இருக்கும் அண்ணனுக்கு,

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. வாய்க்கால் கரை இரண்டு இடத்தில் உடைந்து, வெள்ளம் நமச்சிவாயம் வீட்டையே கொண்டுபோய்விட்டது. என் வீட்டுக்குப் பின்னால் மட்டும் உடையவில்லை. அங்கே நீங்கள் வைத்து வளர்த்த தாழம்புதர்கள் நிற்கின்றன. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கை தானாகக் கும்பிட்டது.

வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளை அடிக்க அந்தத் தாழையின் விழுதுகளைத்தான் வெட்டுவேன். நுனியை நசுக்கினால் சுண்ணாம்பு அடிக்க நல்ல மட்டை கிடைக்கும். "வெட்டாதடா, அதுதான் கரையப் புடிச்சிக்கினு நிக்குது" என்றீர்கள். "இன்னா, உன் ஒருத்தன் சொத்தா?" என்று கேட்டுவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. நீங்கள் கப்பலேறிய அன்றும் நான் புதுச்சேரிக்கு வரவில்லை.

நான் விழுது வெட்டிய பக்கம் இருந்த புதர் மட்டும் சாய்ந்துவிட்டது. மூங்கில் முட்டுக் கொடுத்து, அடியில் சேறு அணைத்திருக்கிறேன். புது விழுது இரண்டு இறங்குகிறது. பிள்ளைகள் நலம்.

வீட்டில் கமலவேணிக்குத்தான் குறை. "ஊரே வெள்ள அடிச்சிருக்கு, நம்ம வூட்டுச் செவுரு மட்டும் இப்டியே கெடக்கணுமா?" என்றாள்.

"செவுரு நிக்குதில்ல, அது போதும்" என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி