மொக்கைச்சாமி மண்டபத்து மின்னல்

பேகம்பூர், திண்டுக்கல்
6.1.2025

அன்பு மாப்ள ரொனால்டுக்கு,

போன்ல பேசுனா பாதியில வச்சிடுறே. கடிதத்தை அப்படி வைக்க முடியாதுல்ல, அதான் எழுதுறேன். நாங்க சுகம். துபாய்ல நீ மெலிஞ்சுட்டேன்னு உங்கம்மா என் வளர்ப்பு மீன் கடைக்கே வந்து வருத்தப்பட்டுச்சு.

சங்கதி என்னன்னா, உயிருள்ள பவளம் வளர்க்குற உப்புத்தண்ணித் தொட்டி ஒண்ணு வைக்கப்போறேன். வடமதுரையில மொக்கைச்சாமி ஐயா கட்டுற கல்யாண மண்டபத்துக்கு, பத்தடி நீளம். சட்டம் வளர்க்க விடுற மென்பவளம் மட்டும்தான். விளக்கைப் பாத்தா அசந்துருவே. அந்த வெளிச்சத்துலயே மேகம் ஓடுற மாதிரி, மின்னல் வெட்டுற மாதிரி, நிலாக் காயுற மாதிரி எல்லாம் காட்டும். ஐயா பூ விவசாயி. இடி மின்னலோட பெஞ்ச மழைக்குத்தான் மல்லி தளதளன்னு வரும், பவளத்துக்கும் அப்படித்தானேன்னு கேட்டார். ஆமாங்கய்யா, சீக்கிரம் வளரும்னு வாக்குக் கொடுத்துட்டேன். மீன் காட்சிசாலையில வேலை பாக்குறவன் நீ. உண்மைதான்னு ரெண்டு வரி எழுதிப் போடு.

உன்
ஹாமித்


துபாய்
19.1.2025

அன்புள்ள ஹாமித்,

அதை எழுத எனக்குக் கை வரலை, கோவிச்சுக்காதே. மல்லிக்கு மின்னலோட மழையும் வருதுல்ல. தொட்டியில வெறும் வெளிச்சம்தான் வெட்டுது. பவளத்துக்கு வேண்டியது தினமும் ஒரே அளவு நீல வெளிச்சம், அப்புறம் நல்ல இருட்டு. காலையில மெல்ல ஏறி, சாயங்காலம் மெல்ல இறங்குனா மீனு மிரளாது. கடல்ல பவளம் நிலாவைப் பாத்துத்தான் முட்டை விடுமாம். நம்ம விளக்கு நிலாவுக்கு விடுமான்னு எனக்குத் தெரியலை. மேகமும் மின்னலும் பாக்குறவங்களுக்குத்தான்.

நம்பலைன்னா கடையில ரெண்டு தொட்டி வை. ஒரே பவளத்தை வெட்டி ரெண்டுலயும் நடு. ஒண்ணுல மின்னல், ஒண்ணுல வெறும் விளக்கு. மண்டபம் திறக்கும் முன்னாடி தெரிஞ்சுபோகும். பெருமைக்குப் பொய் சொல்லாதே மாப்ள, கடைப் பேரு போயிரும்.

ரொனால்டு


பேகம்பூர்
3.8.2025

மாப்ள,

இத்தனை மாசம் உனக்கு ஏன் எழுதலைன்னா, கோவம்தான். நீ என்ன பெரிய இவனான்னு உன்னைத் தோக்கடிக்கத்தான் ரெண்டு தொட்டி வச்சேன். வாராவாரம் ஸ்கேல் வச்சு அளந்தேன். கடைக்கு வர்ற பிள்ளைங்க கேக்குதுன்னு மின்னலைப் போட்டுப் போட்டு, அந்தத் தொட்டியில விட்ட கோமாளி மீனு ஒரு மாசம் பாறைக்குப் பின்னாடியே கிடந்துச்சு. பவளம் ரெண்டுலயும் ஒரே வளத்திதான், நூலளவும் வித்தியாசம் இல்லை.

நேத்து அளவு எழுதுன நோட்டோட மண்டபத்துக்குப் போனேன். கொத்தனார் ஆளுங்க எல்லாம் நிக்கும்போதே, நான் சொன்னது தப்புங்கய்யான்னுட்டேன். தொட்டியே வேணாம்பார்னு நெனச்சுக்கிட்டேதான் நோட்டை நீட்டுனேன். அவர் அதைப் புரட்டிட்டு, "ரெண்டு பாத்தி போட்டுப் பாக்காம எந்த உரத்தையும் நானும் நம்ப மாட்டேன். தொட்டியை நீதான் வைக்கணும்"னார். மின்னல் மட்டும் பொண்ணு மாப்பிள்ளை உள்ள வரும்போது அஞ்சு நிமிஷம் இருக்கட்டுமாம், ஆளுங்க பாக்க. யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேட்டார். என் மாப்ள ரொனால்டுன்னு சொல்றப்ப எனக்கு அம்புட்டுப் பெருமை.

ஹாமித்


துபாய்
17.8.2025

அன்பு ஹாமித்,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். ஒண்ணு சொல்லணும். ஆறு வருஷமா இங்க இருக்கேன், ஒரு நாளும் நான் அளந்து பாத்ததில்லை. மேல உள்ளவங்க சொன்னதைத்தான் எல்லாம் தெரிஞ்சவன் கணக்கா உனக்கு எழுதுனேன். இன்னைக்கு வேலைக்கு வந்த புதுப் பையன் மின்னல் போட்டா பவளம் வளருமான்னு கேட்டான். வளராது, திண்டுக்கல்ல என் மாப்ள ஹாமித் அளந்து பாத்துட்டான்னு சொன்னேன்.

ரொனால்டு