நெல் சுணை

அன்புள்ள மாமாவுக்கு,

குறுவை அறுப்பு முடிந்து வந்த உங்களிடம், "உங்க மேல இருக்கிற நெல் சுணைத் தூசாலதான் பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது" என்றேன். "சுணை ஒட்டாம நெல்லு வீட்டுக்கு வருமாம்மா?" என்று சிரித்தீர்கள். மறுநாளே பையை எடுத்துக்கொண்டு கீழ்வேளூரில் இருக்கும் உங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

அப்புறமும் இழுப்பு நிற்கவில்லை. தரை துடைக்கும் லோஷனை நான் இன்னும் கூடுதலாக ஊற்றி, பிளீச்சிங் பவுடரும் கலந்து துடைத்தேன். அந்த ஈரத்தில்தான் பாப்பா தவழ்ந்தாள்.

"வீட்ல என்ன ஊத்தித் துடைக்கிறீங்க?" டாக்டரம்மா முதலில் கேட்டதே அதுதான். அந்த இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் நெடி கிளம்பும் என்பது கெமிஸ்ட்ரி படித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது வெறும் தண்ணீர்தான். பாப்பா நிம்மதியாகத் தூங்குகிறாள், மாமா.

எந்த முகத்தோடு உங்களைத் திரும்பக் கூப்பிடுவேன்? ஞாயிற்றுக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறேன். வாசலில் பார்த்ததும், "வாம்மா"ன்னு மட்டும் சொல்லிடுங்க.

உங்கள் மருமகள்